ஆர்.எக்ஸ். 100: ஆயில் பம்ப்பைக் கழற்றலாமா?

ராசிபுரத்தில் இருக்கும் என் பட்டறைக்கு யமஹா ஆர்.எக்ஸ். 100 வராத வாரம் கிடையாது. எஸ்கார்ட்ஸ் கம்பெனி 1985 நவம்பரில் இந்தியாவில் இறக்கிய வண்டி அது. 1996 மார்ச்சோடு தயாரிப்பு நின்றுபோனது. ஆக, இன்று ஓடுகிற ஒவ்வொரு ஆர்.எக்ஸும் ஏறக்குறைய முப்பது வயதைத் தொட்ட வண்டி. ஓட்டுகிறவர்களில் பலர் அந்த வண்டியை விட இளையவர்கள். அப்பா வைத்திருந்ததைத் தூசி தட்டி எடுத்து வருகிறார்கள், அல்லது யாரிடமோ நல்ல விலை கொடுத்து வாங்கி வருகிறார்கள். வந்ததும் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்:

"ஏனுங்ணா, ஆயில் பம்ப்பைக் கழட்டிட்டு, பெட்ரோல்லயே ஆயில் கலந்து ஊத்திக்கலாமுங்களா?"

கழற்றலாம், வண்டியும் ஓடும். ஆனால் ஏன் கழற்றுகிறோம், கழற்றினால் எதெல்லாம் நம் தலையில் விழும் என்று தெரிந்துகொண்டு கழற்ற வேண்டும். பயத்தில் கழற்றிய வண்டிகள்தான் பிஸ்டன் ஜாம் ஆகி எங்களிடம் அதிகம் திரும்பி வருகின்றன.

டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் ஆயில் தேங்கி நிற்கக் கீழே தொட்டி இல்லை. கிராங்க் சுற்றுகிற அறைக்குள்ளேதான் பெட்ரோலும் காற்றும் முதலில் நுழைகின்றன. அங்கிருந்துதான் மேலே சிலிண்டருக்குப் போகின்றன. அந்தக் கலவையோடு ஆயிலும் வந்தால்தான் கனெக்டிங் ராடு பேரிங், பிஸ்டன், சிலிண்டர் சுவர் எல்லாம் நனையும். வேலை முடிந்ததும் அந்த ஆயில் எரிந்து சைலன்சர் வழியாகப் புகையாகப் போய்விடும். கியர் பாக்ஸில் ஊற்றும் ஆயில் வேறு. அதற்கும் பிஸ்டனுக்கும் சம்பந்தமே இல்லை.

அந்த ஆயிலை உள்ளே சேர்க்க இரண்டு வழி உண்டு. ஒன்று, பெட்ரோலிலேயே கலந்துவிடுவது. ஓசூரில் 1980ல் வந்த டி.வி.எஸ். 50, பிறகு வந்த எக்ஸ்.எல். எல்லாம் இந்த வழிதான். பங்க்கில் பெட்ரோல் மெஷினுக்குப் பக்கத்தில் டூ டி ஆயில் அடிக்கிற சின்னக் கை பம்ப் நின்றது பலருக்கு ஞாபகம் இருக்கும். இன்னொன்று, யமஹா 1964ல் ஒய்.ஏ. 6 என்ற வண்டியில் கொண்டுவந்த ஆட்டோலூப். ஆயிலுக்குத் தனி டேங்க், எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் சின்ன பம்ப். ஆக்சிலேட்டர் கேபிள் பாதி வழியில் இரண்டாகப் பிரிந்து, ஒன்று கார்பரேட்டருக்கும் மற்றொன்று இந்த பம்ப்புக்கும் போகும். எஞ்சின் வேகமாகச் சுற்றினால் பம்ப்பும் வேகமாகச் சுற்றும். கைப்பிடியை முறுக்கினால் ஒவ்வொரு சுற்றுக்கும் தள்ளுகிற ஆயிலும் கூடும். நின்றபடி ஓடும்போது குறைவாகவும் முழு முறுக்கில் அதிகமாகவும் கொடுக்கும். ஒரே அளவில் கலந்து வைத்த பெட்ரோலால் இதைச் செய்ய முடியாது.

இவ்வளவு நல்ல ஏற்பாட்டின் மேல் ஏன் பயம்? பம்ப் நின்றால் சத்தம் வராது, விளக்கு எரியாது. எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும், திடீரென்று பிடித்துக்கொள்ளும். சிலிண்டரைக் கழற்றிப் பார்த்தால் பிஸ்டன் ஓரத்தில் மேலிருந்து கீழாக நீளக் கீறல்கள், லைனரில் ஒட்டிக்கிடக்கும் அலுமினியம். பிறகு போர் அடிக்க வேண்டும், புது பிஸ்டன் போட வேண்டும். இந்தப் பயம் நம் ஊருக்கு மட்டும் சொந்தமில்லை. அமெரிக்காவில் ஜான்சன், எவின்ரூட் படகு எஞ்சின்களில் 1984ல் வி.ஆர்.ஓ. என்ற தானியங்கி ஆயில் ஏற்பாடு வந்தது. எஞ்சின் போய்விடுமோ என்று பயந்த படகுக்காரர்கள் பலர் ஆயில் குழாயை அடைத்துவிட்டு, 50 பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு ஆயில் என்று டேங்க்கிலேயே கலந்து ஓட்டினார்கள். நடுக்கடலில் எஞ்சின் நின்றால் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வர முடியாது. அவர்கள் பயந்ததை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் ஆர்.எக்ஸ். விஷயத்தில் நான் பார்த்த வரை பழி பம்ப்புக்கு, கோளாறு பம்ப்பைச் சுற்றி. முப்பது வருஷத்தில் ரப்பர் குழாய் காய்ந்து முனையில் வெடிக்கிறது. அங்கே ஆயிலுக்குப் பதில் காற்று நுழைகிறது. ஆயில் டேங்க் மூடியின் காற்று ஓட்டை தூசியில் அடைபடுகிறது. டேங்க்கின் அடியில் பழைய ஆயில் கசடாகப் படிகிறது. கேபிள் இழுபட்டுத் தொய்வதால், கைப்பிடி முழுக்க முறுக்கினாலும் பம்ப் பாதிதான் திறக்கிறது. இதில் எதற்கும் புது பம்ப் தேவையில்லை.

பட்டறையில் முதலில் செய்வது இதுதான். பம்ப்பின் மேல் மூடியைக் கழற்றினால் கேபிள் சுற்றிய சின்னச் சக்கரம் தெரியும். அதில் ஒரு கோடு இருக்கும். சர்வீஸ் புத்தகம் சொன்ன அளவுக்குக் கைப்பிடியைத் திருப்பும்போது அந்தக் கோடு எதிரே உள்ள குறியோடு ஒட்டி நிற்க வேண்டும். நிற்காவிட்டால் கேபிளைத் திருத்த வேண்டும். அடுத்து, பம்ப்பில் இருக்கும் காற்று நீக்கும் ஸ்க்ரூவைத் தளர்த்தி வைத்தால் முதலில் நுரையாகக் கொப்புளிக்கும், பிறகு விட்டு விட்டு வரும், கடைசியில் குமிழே இல்லாமல் வழியும். அதுவரை பொறுத்திருந்துதான் இறுக்க வேண்டும். டேங்க்கிலிருந்து பம்ப்புக்கு வரும் குழாயை எடுத்துவிட்டுக் கண்ணாடி போன்ற டியூபைப் போட்டால், உள்ளே காற்று நிற்கிறதா என்று வெளியிலிருந்தே பார்க்கலாம்.

இவ்வளவும் செய்தபின் முதல் ஒரு டேங்க் பெட்ரோலில் ஆயிலும் கலந்து ஓட்டச் சொல்வேன். பம்ப்பும் கொடுக்கும், கலவையும் கொடுக்கும். புகை கொஞ்சம் அதிகமாக வரும், பரவாயில்லை. ஆயில் டேங்க்கில் ஒரு கோடு போட்டு வைத்து, மட்டம் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். இறங்கினால் பம்ப் வேலை செய்கிறது என்று அர்த்தம். அதன்பின் கலவையை நிறுத்திவிடலாம்.

பம்ப்பின் உள்பாகமே தேய்ந்துபோய், ஒரிஜினல் கிடைக்காத வண்டிகளும் உண்டு. அவற்றுக்குக் கலவைதான் சரி. அப்போது வேலையை முழுதாகச் செய்ய வேண்டும். ஆயில் குழாயைக் கிள்ளி விட்டுவிட்டு, இன்லெட்டில் அது வந்து சேரும் துளையை அப்படியே விட்டால், அதன் வழியாகக் காற்று புகுந்து கலவை நீர்த்துப்போகும். எஞ்சின் சூடேறி, எதற்குப் பயந்தோமோ அதுவே நடக்கும். துளையை உறுதியாக அடைக்க வேண்டும். பம்ப் இருந்த இடத்துக்கு கேஸ்கட்டோடு தகடு போட்டு மூட வேண்டும். கிளை இல்லாத ஒற்றைக் கேபிள் மாட்ட வேண்டும். பெட்ரோலின் ஒரு பங்கு இடத்தை ஆயில் எடுத்துக்கொள்வதால், ஜெட் வழியே போகும் பெட்ரோல் கொஞ்சம் குறையும். பிளக் நிறத்தைப் பார்த்து, தேவையானால் மெயின் ஜெட்டை ஒரு அளவு பெரிதாக்க வேண்டும்.

அளவு? நான் லிட்டருக்கு 30 மில்லி சொல்வேன். புதிதாகப் போர் அடித்த எஞ்சினுக்கு முதலில் 40. ஜே.ஏ.எஸ்.ஓ. எஃப்.சி. என்று அச்சிட்ட ஆயிலாக வாங்குங்கள், புகை குறையும். டி.சி. டபிள்யூ 3 என்பது தண்ணீரில் குளிர்கிற படகு எஞ்சினுக்கானது. காற்றில் குளிர்கிற நம் வண்டிக்கு ஆகாது. இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் வருகிறது. அது ஈரத்தை இழுக்கும். வாரக்கணக்கில் நிற்கும் வண்டியில் தண்ணீரும் எத்தனாலும் பிரிந்து அடியில் தேங்கினால், அந்த அடுக்கில் ஆயில் இருக்காது. கலவை வண்டிக்கு இது கூடுதல் ஆபத்து. அதனால் ஓட்டுகிற அளவுக்கு மட்டும் கலந்து ஊற்றுங்கள்.

சமவெளியில் சேலம், நாமக்கல், திருச்செங்கோடு என்று சுற்றுகிறவர்களுக்கு இவ்வளவு போதும். மலை ஏறுகிறவர்களுக்குத்தான் நான் நிறுத்தி வைத்துச் சொல்வேன். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு. ஏறும்போது ஆபத்து இல்லை; முறுக்கி ஏறுகிறோம், பெட்ரோலோடு ஆயிலும் தாராளமாகப் போகும். இறங்கும்போது கியரில் விட்டு, கைப்பிடியை மூடி, எஞ்சினையே பிரேக்காக வைத்து இறங்குவோம். எஞ்சின் வேகமாகச் சுற்றும். பெட்ரோல் சொட்டாகத்தான் போகும். கலவை வண்டியில் பெட்ரோல் போகாவிட்டால் ஆயிலும் போகாது. பம்ப் உள்ள வண்டியில் கைப்பிடி மூடியிருந்தாலும், எஞ்சின் சுற்றுகிற கணக்குக்குக் கொஞ்சமாவது ஆயில் வந்துகொண்டே இருக்கும். பம்ப்பைக் கழற்றியவர்கள் இறக்கத்தில் அடிக்கடி கிளட்ச் பிடித்து ஒரு முறுக்கு கொடுத்துவிட்டு விட வேண்டும். ஏற்காடு இறக்கத்துக்கும் இதேதான்.

இன்னொன்று, வண்டி ஒருவர் கையில் மட்டும் இருக்காது. மச்சான் எடுத்துப் போவான், தம்பி எடுத்துப் போவான். ஆயில் டேங்க் மூடியைப் பார்த்து, தனியாக இருக்கிறது என்று நினைத்து வெறும் பெட்ரோலை நிரப்பிவிடுவார்கள். கேட்டுச் சொல்ல இப்போது பல பங்க்கில் டூ டி பம்ப்பும் இல்லை, அது தெரிந்த பையன்களும் இல்லை. பெட்ரோல் மூடியின் மேலேயே 'ஆயில் கலந்து ஊற்றவும்' என்று பெயிண்ட்டில் எழுதுங்கள். பெட்டியில் ஒரு பாட்டில் ஆயிலும் அளவுக் கப்பும் எப்போதும் இருக்கட்டும். முதலில் ஆயில், அதன்மேல் பெட்ரோல் விட்டால் தானே கலந்துகொள்ளும்.

கழற்றிய பம்ப்பைக் காயலான் கடையில் போடாதீர்கள். ஆயிலில் நனைத்து, பிளாஸ்டிக் பையில் கட்டி, வண்டியின் ஆர்.சி. வைத்திருக்கும் பீரோவிலேயே வையுங்கள். அதன் உள்பாகத்தைச் சரிசெய்யத் தெரிந்த கை எங்காவது கிடைத்தால் திரும்ப மாட்டலாம்.