லயன் அறையும் காணியுரிமையும்: மலையக வீடமைப்புப் பற்றிய ஒரு நோக்கு

வளர்முக நாடுகளின் வீடமைப்புப் பிரச்சினை பெரும்பாலும் நகரங்களின் பிரச்சினையாகவே ஆராயப்பட்டு வந்துள்ளது. கிராமத்தை விட்டு நகரை நாடி வந்தோர் கால்வாய்க் கரைகளிலும் புகையிரதப் பாதையோரங்களிலும் பலகையும் தகரமும் கொண்டு அமைத்த குடிசைகளே இவ்வாராய்ச்சிகளின் பொருளாயின. ஆயின், நகரத்துள்ளும் அடங்காது கிராமத்துள்ளும் அடங்காது நிற்கும் குடியிருப்பொன்று இலங்கையின் மத்திய மலைநாட்டில் உண்டு. நாட்டின் குடிசன மதிப்பீடே மக்களை நகரம், கிராமம், தோட்டம் என மூன்றாகப் பிரிக்கின்றது. 2012ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி மொத்தக் குடிசனத்தில் 4.4 சதவீதத்தினர் தோட்டப் பகுதியினராவர். நுவரெலியா, ஹட்டன், தலவாக்கலை போன்ற மலைநாட்டு நகரங்களைச் சூழ்ந்துள்ள தேயிலைச் சரிவுகளில் இவர்களிற் பெரும்பகுதியினர் வாழ்கின்றனர். நகர வீடமைப்புச் சிந்தனை சென்ற அரை நூற்றாண்டிற் கண்டறிந்த அடிப்படை உண்மையொன்றை இத்தோட்டக் குடியிருப்புக்குப் பொருத்திப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

லயனின் தன்மை

தென்னிந்தியாவினின்றும் கோப்பிப் பயிர்ச்செய்கைக்கென அழைத்துவரப்பட்ட தொழிலாளர் தொடக்கத்திற் பருவகாலத்திற்கு மட்டுமே தங்கினர். 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தொடங்கிய தேயிலைப் பயிர்ச்செய்கை, கோப்பியை இலைநோய் அழித்த பின்னர் மலைநாடெங்கும் பரவியது. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கொழுந்தெடுக்கும் கைகள் வேண்டும். எனவே தொழிலாளர் குடும்பமாக நிலைகொண்டனர். எனினும், அவர்களுக்கென அமைக்கப்பட்ட இருப்பிடம் தற்காலிகத் தங்கலின் வடிவத்தை விட்டு நீங்கவில்லை. ஒரே கூரையின் கீழ் வரிசையாகவோ முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை வரிசையாகவோ அமைந்த அறைகள். பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவான ஒரு காம்பரா. முன்னே ஓர் ஒடுங்கிய இஸ்தோப்பு. இதுவே லயனின் இலக்கணம். சமைப்பதும் உறங்குவதும் பிள்ளை பெறுவதும் நோயுற்றோரைப் பேணுவதும் இந்த 120 சதுர அடிக்குள்ளேயே நிகழவேண்டியிருந்தது.

லயனின் கொடுமையாக அதன் நெருக்கத்தையே பலரும் சுட்டுவர். நெருக்கம் உண்மையே. ஆயினும் அதனினும் ஆழமான குறையொன்று உண்டு. லயன் அறை தொழிலோடு பிணைந்த குடியிருப்பாகும். தோட்டத்திற் பேர் பதிந்தவர்க்கே அறை. பேர் வெட்டப்பட்டால் அறையும் கேள்விக்குரியது. வேலை கொடுப்பவரே வீட்டுக்காரருமாயிருப்பதால், கூலிக்காகப் போராடும் தொழிலாளி தன் கூரையையும் பணயம் வைத்தே போராட வேண்டியவனாயினான்.

இப்பிணைப்பின் பொருளை 1946ஆம் ஆண்டுச் சம்பவமொன்று தெளிவாக்கும். கேகாலை மாவட்டத்தின் நேவ்ஸ்மயர் தோட்டத்தை, உருளவள்ளி என மக்கள் வழங்கும் அத்தோட்டத்தை, நிலமற்ற கிராமத்தவர்க்குப் பகிர்ந்தளிக்கவென அரசு சுவீகரித்தது. அங்கு வாழ்ந்த தொழிலாளர் வெளியேறுமாறு பணிக்கப்பட்டனர். மறுத்தோர்மீது அத்துமீறிக் குடியிருந்த குற்றம் சுமத்தப்பட்டது. தாம் காடழித்துப் பண்படுத்திய மண்ணில், தாம் வாழ்ந்த அறையிலேயே அவர்கள் அத்துமீறியோராயினர். மலையகமெங்கும் வேலைநிறுத்தம் வெடித்தமைக்கு இதுவே காரணமாயிற்று.

1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இந்நிலையை மேலும் இறுக்கியது. நாடற்றோராக்கப்பட்ட மக்கள் அரச காணிப் பகிர்விற் பங்குகோரும் தகுதியையும் இழந்தனர். 1972ஆம் ஆண்டுக் காணிச் சீர்திருத்தமும் 1975ஆம் ஆண்டு அதன் விரிவாக்கமும் தோட்டங்களை அரசுடைமையாக்கின. உடைமையாளர் மாறினரேயன்றி லயன் மாறவில்லை. 1977இல் நுவரெலியா மாவட்டத் தோட்டக் காணிகளில் 7,000 ஏக்கரை வெளியாருக்குப் பகிர்ந்தளிக்கும் முயற்சியைத் தொழிலாளர் எதிர்த்தபோது, மே 11ஆம் நாள் டெவன் தோட்டத்திற் சிவனு லட்சுமணன் பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டிற்குப் பலியானார். மலையகத்தின் வீட்டுப் பிரச்சினை என்பது எக்காலத்தும் காணிப் பிரச்சினையாகவே இருந்துள்ளது என்பதற்கு இது சான்றாகும்.

நகரம் கற்பித்த பாடம்

இதே காலப்பகுதியில் நகர வீடமைப்புச் சிந்தனையிற் பெரும் மாற்றமொன்று நிகழ்ந்து கொண்டிருந்தது. பெரு நாட்டின் தலைநகரான லீமாவின் புறநகர்க் குடிசைப் பகுதிகளிற் பணியாற்றிய ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் ஜோன் டேர்னர், 1972இலும் 1976இலும் வெளிவந்த தமது நூல்களில், வீடு என்பது கட்டி முடிக்கப்பட்ட ஒரு பொருளன்று, குடியிருப்போர் காலப்போக்கில் நிகழ்த்தும் ஒரு செயல் என வாதிட்டார். வெளியேற்றப்படுவோம் என்ற அச்சம் நீங்கிய இடத்தில் ஏழைக் குடும்பமும் தகரத்தை அகற்றிக் கல் வைக்கும். பிள்ளை வளர அறையொன்றைக் கூட்டும். அச்சம் நீங்காத இடத்தில் வசதியுள்ளவனும் ஆணி அடிக்கத் தயங்குவான். எனவே அரசு முதலில் வழங்கவேண்டியது சுவரன்று, நிலத்தின்மீதான உறுதிப்பாடு.

இக்கருத்து நடைமுறைக்கும் வந்தது. சென்னையில் உலக வங்கியின் உதவியோடு 1977இல் தொடங்கிய நகர அபிவிருத்தித் திட்டத்தில், அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய இடங்களில் அடிப்படை வசதிகளோடு கூடிய மனைகள் வழங்கப்பட்டன. வீட்டை மக்களே படிப்படியாகக் கட்டிக்கொண்டனர். இலங்கையோ இத்துறையில் உலகிற்கு முன்மாதிரியெனப் போற்றப்பட்டது. 1978இல் இலட்சம் வீடுகள் திட்டம்; 1979இல் தேசிய வீடமைப்பு அபிவிருத்தி அதிகாரசபை; 1984இற் பத்து இலட்சம் வீடுகள் திட்டம். வீடற்றோர்க்கான சர்வதேச ஆண்டாக 1987ஐ ஐக்கிய நாடுகள் சபை பிரகடனம் செய்ததும் இலங்கையின் முன்மொழிவினாலேயே ஆகும்.

கொழும்பின் நெருக்கமான வரிசைக் குடியிருப்புக்களைச் சிங்கள வழக்கில் ‘வத்த’ என்பர், அதாவது தோட்டம். அந்நகரத் ‘தோட்டங்களில்’ பத்து இலட்சம் வீடுகள் திட்டத்தின் கீழ், மக்களோடு கலந்துபேசி இரண்டு பேர்ச் அளவான துண்டுகள் அளந்து கொடுக்கப்பட்டன, கட்டட விதிகள் தளர்த்தப்பட்டன, சிறுகடன் வழங்கப்பட்டது.

பாடம் மலையேறாமை

பெயரால் ஒன்றாயினும் மலைநாட்டின் தோட்டத்திற்கு இப்பாடம் வந்து சேரவில்லை. பத்து இலட்சம் வீடுகள் திட்டத்திற் பெருந்தோட்டத்துறைக்கெனத் தனிப்பிரிவு இருந்தது உண்மையே. ஆனால் நிலம் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம், ஜனதா தோட்ட அபிவிருத்திச் சபை ஆகியவற்றின் கையிலிருந்தது. குடியிருப்போர் தாமே தீர்மானிப்பர் என்பது திட்டத்தின் உயிர்நாடி. தோட்டத்திலோ தீர்மானிப்பவர் துரையாகவே இருந்தார். கூரைத்தகடு மாற்றப்பட்டது, உரிமை மாறவில்லை.

1992இல் தோட்டங்களின் முகாமைத்துவம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டு, பின்னர் நீண்டகாலக் குத்தகையாயிற்று. வீடமைப்புக்கெனத் தனி நிதியம் நிறுவப்பட்டது; இதுவே பின்னர் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியமாயிற்று. தனிவீடுகள் தோன்றின. ஆனால் வீட்டுக்கடனைச் சம்பளத்திற் கழித்துக் கொடுத்த பலருக்கும் காணியுறுதி கைக்கு வரவில்லை. கடன் வீட்டுக்காரனுடையது, நிலம் பிறருடையது என்ற விந்தையான நிலை உருவாயிற்று. உறுதியின்றி வங்கிக் கடன் இல்லை. பிள்ளைகளிடையே பாகமும் இல்லை. தனி முகவரி கூட இல்லாமையாற் கடிதங்கள் தோட்டக் காரியாலயத்தின் வழியாகவே வந்தன.

உள்ளூராட்சியின் நிலையும் இத்தகையதே. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டம், தோட்ட எல்லைக்குள் வீதி, நீர், விளக்கு முதலிய பணிகளைச் சபைகள் தாமாக ஆற்ற இடமளிக்கவில்லை. மக்கள் வாக்களித்துத் தெரிவுசெய்த சபையே அவர்தம் பாதையைச் செப்பனிட இயலாதிருந்தது. 2018இலேயே இச்சட்டம் திருத்தப்பட்டது. பெருந்தோட்டப் பிராந்தியத்திற்கான புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகாரசபையை நிறுவிய சட்டமும் அவ்வாண்டிலேயே நிறைவேறியது. தோட்டக் குடியிருப்பைக் கிராமமாகக் காணும் நோக்கு சட்டத்தில் இடம்பெற ஒன்றரை நூற்றாண்டு சென்றது.

காணிக் கணக்கு

2015இன் பின்னர் ஒரு குடும்பத்திற்கு 7 பேர்ச் காணியும் தனிவீடும் என்பது அரச கொள்கையாயிற்று. இந்திய உதவித் திட்டத்தின்கீழ் முதலில் 4,000 வீடுகள் ஒதுக்கப்பட்டன. 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். இவை வரவேற்கத்தக்கனவே. எனினும் தேவையோடு ஒப்பிடுகையில் வேகம் மிகக் குறைவு.

நிலமில்லை, தேயிலை அழியும் என்பது வழமையான மறுமொழி. இதனைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஓர் ஏக்கர் 160 பேர்ச் ஆகும். ஒரு இலட்சம் குடும்பங்களுக்குத் தலா 7 பேர்ச் வழங்குவதாயின் வேண்டுவது 4,375 ஏக்கர், அதாவது ஏறத்தாழ 1,770 ஹெக்டேயர். இலங்கையின் தேயிலை நிலமோ 2 இலட்சம் ஹெக்டேயருக்குக் குறையாதது. ஆகவே இது ஒரு சதவீதத்திற்கும் குறைந்ததே. கிராமத்தவர்க்குப் போல 20 பேர்ச் வேண்டுமெனக் கோருவோரின் கணக்கை ஏற்றாலும் இரண்டரை சதவீதமே ஆகும். பாதைக்கும் பொதுத்தேவைக்கும் மேலும் நிலம் வேண்டியிருப்பினும், தடையாயிருப்பது நிலப்பற்றாக்குறையன்று என்பது தெளிவு.

மற்றொரு தயக்கம் தொழிலாளர் பற்றியது. நிலம் சொந்தமானால் தொழிலை விட்டுவிடுவர் என்பர். லயனிற் கட்டிவைத்த காலத்திலும் தொழிலாளர் தொகை குறைந்தே வந்துள்ளது. இன்று தோட்டங்களில் வாழ்வோரிற் பெரும்பாலோர் தோட்டத்தில் வேலை செய்வோரல்லர். இளைஞர் கொழும்பின் கடைகளுக்கும் வெளிநாடுகளுக்கும் செல்கின்றனர். தலைநகரின் வாடகை அறைகளில் நெருங்கி வாழ்ந்து, பண்டிகைக்கு லயனுக்கே திரும்புகின்றனர். ஆக, மலையகத்தின் வீட்டுரிமையின்மை நகரத்தின் வீட்டு நெருக்கடிக்கும் ஊட்டமளிக்கின்றது. தொழிலோடு குடியிருப்பைப் பிணைத்த கயிறு தொழிலைக் காக்கவில்லை. மனிதரை மட்டுமே கட்டியுள்ளது.

மூன்றாவதாகக் கூறப்படும் தடை மலைச்சரிவின் ஆபத்து. இது போலியான தடையன்று. ஆனால் அது காட்டும் திசை வேறு. நுவரெலியாவிற்குத் தென்கிழக்கே, பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தையின் மீரியபெத்தைத் தோட்டத்தில் 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் காலை லயன்கள் மண்ணுள் புதையுண்டன. அவ்விடம் அபாயகரமானதென தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை இருந்தது, எழுந்து செல்லச் சொந்தமாய் ஓரிடம் இருக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் ‘டித்வா’ சூறாவளியின்போது மலைநாடெங்கும் நிகழ்ந்த மண்சரிவுகள் இக்கேள்வியை மீண்டும் எழுப்பின. பாதுகாப்பான நிலத்தை ஆய்ந்து அளந்து வழங்குவது காணியுரிமைக்கு மாற்றன்று. காணியுரிமையின் முதற்படியே அதுவாகும். தட்டையான நல்ல நிலங்கள் தேயிலைக்கும் காரியாலயங்களுக்கும், எஞ்சிய சரிவுகள் மனிதருக்கும் என்ற பழைய ஒழுங்கு மாறுதல் வேண்டும்.

முடிவாக

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, மலையக வீடமைப்பை வீடுகளின் எண்ணிக்கையால் மட்டும் அளப்பது போதாது என்பது புலனாகும். கொடையாகக் கட்டிக்கொடுக்கப்படும் வீடு ஆண்டொன்றுக்குச் சில நூறு குடும்பங்களைச் சென்றடையலாம். ஆயின், அளந்து உறுதி எழுதிய காணி ஒரே காலத்திற் பல்லாயிரம் குடும்பங்களைத் தம் வீட்டைத் தாமே கட்டத் தூண்டும். இவ்வுறுதி தோட்டத்திற் பேர் பதிந்திருப்பதைச் சாராது, அங்கு வாழ்வதையே ஆதாரமாகக் கொள்ளல் வேண்டும். கொழுந்துக் கூடையாற் குடும்பத்தைத் தாங்கும் பெண்ணின் பெயரும் அதில் இடம்பெறல் வேண்டும். பாதையையும் நீரையும் பிரதேச சபை பொறுப்பேற்றல் வேண்டும். இவற்றுள் எதுவும் புதியதன்று. கொழும்பின் ‘தோட்டத்திற்கு’ 1984இல் இந்நாடே ஏற்றுக்கொண்ட கொள்கை இதுவாகும். மலைநாட்டின் தோட்டத்திற்கும் அதனை ஏற்பதே எஞ்சியுள்ள பணி. ஏழு தலைமுறை உழைத்த மண்ணில் ஏழு பேர்ச் கேட்பது சலுகை கேட்பதாகாது.