தொட்டிலை ஆட்டும் கை யாருடையது?

வீட்டுக்குள் திருடன் நுழைந்தால் நாய் குரைக்கும். அக்கம் பக்கத்தார் ஓடி வருவர். ஆனால், வீட்டார் தாங்களே கதவைத் திறந்து, சம்பளமும் பேசி, குழந்தையைக் கையில் ஒப்படைத்த ஒருவரால் ஆபத்து வந்தால் யார் குரல் கொடுப்பது?

1992ஆம் ஆண்டு வெளிவந்த ‘தி ஹேண்ட் தட் ராக்ஸ் தி கிரேடில்’ எனும் அமெரிக்கத் திரைப்படம் எழுப்பும் கேள்வி இது. அமெண்டா சில்வர் எழுதிய கதையை இயக்கியவர் கர்ட்டிஸ் ஹான்சன்.

சியாட்டல் நகரில் வாழும் கிளேர், கர்ப்பகாலப் பரிசோதனையின்போது தம்மிடம் தகாத முறையில் நடந்துகொண்ட மருத்துவர் மீது துணிந்து புகார் செய்கிறார். மேலும் பல பெண்கள் முன்வர, அம்மருத்துவர் தற்கொலை செய்துகொள்கிறார். கர்ப்பிணியாக இருந்த அவருடைய மனைவி, வீட்டையும் வயிற்றில் வளர்ந்த குழந்தையையும் இழக்கிறார். இனித் தாயாகும் வாய்ப்பும் அவருக்கு இல்லை. அந்தப் பெண்தான் பெய்டன் என்ற பொய்ப் பெயரில், கிளேரின் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள வருகிறார். ரெபேக்கா டி மோர்னே இப்பாத்திரத்தில் நடித்தார்.

பெய்டன் கத்தியோடு வரவில்லை, புன்னகையோடு வருகிறார். இரவில் குழந்தைக்கு இரகசியமாகத் தாமே பாலூட்டுகிறார். மூத்த மகளின் தோழியாகிறார். கணவருக்கும் தம் தோழிக்கும் தொடர்பு என்று கிளேரைச் சந்தேகிக்க வைக்கிறார். கிளேருக்கு ஆஸ்துமா இருப்பதை அறிந்து, அவருடைய இன்ஹேலர்களையும் காலி செய்கிறார். அதாவது, தாயின் இடத்தை ஒவ்வொரு படியாகப் பறிக்கிறார். வீட்டார் ஒருவரோடு ஒருவர் மனம் திறந்து பேசாதவரை அவருடைய திட்டம் தடையின்றி நடக்கிறது.

இக்கதையில் உண்மையை முதலில் காண்பவர் சாலமன். மனவளர்ச்சி குன்றிய அவர், அவ்வீட்டில் வேலி அமைக்க வந்த தொழிலாளி. பெய்டன் பாலூட்டுவதை அவர் பார்த்துவிடுகிறார். உடனே, சிறுமியின் உள்ளாடையை அவருடைய கருவிப் பெட்டியில் ஒளித்து வைத்துப் பெய்டன் பழி சுமத்துகிறார். வீட்டாரும் நம்பிவிடுகின்றனர். சாலமன் விரட்டப்படுகிறார். நயமாகப் பேசத் தெரிந்தவர் வீட்டுக்குள் இருக்க, பேசத் தடுமாறும் நல்லவர் வெளியேற்றப்படுகிறார். இறுதியில் குழந்தைகளைக் காக்க ஓடி வருபவரும் அதே சாலமன்தான்.

2025ஆம் ஆண்டில் இக்கதை மறுபடியும் படமாக்கப்பட்டது. பிள்ளையைப் பிறர் கையில் விட்டுச் செல்லும் பெற்றோரின் அச்சம் இன்னும் தீரவில்லை என்பதற்கு இதுவே சான்று.

அதற்காக, பராமரிப்பாளர் எல்லாரையும் குற்றவாளிகளாகப் பார்க்கலாமா? கூடாது. அவர்களில் பெரும்பாலோர் நேர்மையாக உழைப்பவர்கள். சந்தேகம் வேறு, விசாரிப்பு வேறு. முன்பு வேலை செய்த இடத்தில் நேரில் பேசிக் கேட்பது, பிள்ளையின் பழக்கத்தில் வரும் மாற்றத்தைக் கவனிப்பது, கணவனும் மனைவியும் ஒளிவுமறைவின்றிப் பேசுவது ஆகியவை காசு செலவில்லாத காவல். ஒருவர் மீது குற்றச்சாட்டு எழுந்தால், அவர் தரப்பையும் கேட்ட பிறகே தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

சாலமனிடம் அக்குடும்பத்தார் ஐந்து நிமிடம் பொறுமையாகக் கேட்டிருந்தால், பெய்டனின் ஆட்டம் அன்றே முடிந்திருக்கக்கூடும் அல்லவா?