விக்ரம் (1986 திரைப்படம்) பெற்ற வரவேற்பு

விக்ரம் என்பது 1986 மே 29 அன்று வெளிவந்த தமிழ் உளவுத் திரைப்படம் ஆகும். ராஜசேகர் இயக்கினார். மயிலாப்பூருக்கும் தியாகராய நகருக்கும் இடையிலுள்ள ஆழ்வார்பேட்டையில், எல்டாம்ஸ் சாலையில் இயங்கிவந்த கமல்ஹாசனின் ராஜ்கமல் நிறுவனம் தயாரித்தது. கதை சுஜாதா, இசை இளையராஜா. கமல்ஹாசன், சத்யராஜ், அம்பிகா, லிசி ஆகியோருடன் இந்தித் திரையுலகிலிருந்து டிம்பிள் கபாடியாவும் அம்ஜத் கானும் நடித்தனர்.

தமிழில் உளவாளிக் கதை அதற்கு முன்பும் உண்டு. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த வல்லவன் ஒருவன் (1966), சி.ஐ.டி. சங்கர் (1970) ஆகிய படங்களால் ஜெய்சங்கர் "தென்னகத்து ஜேம்ஸ்பாண்ட்" என்றே அழைக்கப்பட்டார். ஆனால் அவை பெரும்பாலும் துப்பறியும் கதைகளுக்குத் தொப்பியும் துப்பாக்கியும் மாட்டிவிட்டவை. ஏவுகணை, கணினி, இலக்கை மாற்றும் நிரல் என்று அறிவியலைக் கதையின் நடுவில் வைத்தது விக்ரம். கதாசிரியர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய பொறியாளர் என்பது இதற்குக் காரணம். கதையில் கடத்தப்படும் ஏவுகணையின் பெயர் அக்னிபுத்ரா. இந்தியாவின் உண்மையான அக்னி ஏவுகணை முதன்முதலில் சோதிக்கப்பட்டது 1989 மே 22 அன்றுதான்.

படம் வெளியானபோது எதிர்பார்ப்பு மிகுதியாக இருந்தது. ராஜசேகர், கமல்ஹாசன், சத்யராஜ் மூவரும் அதற்கு முந்தைய ஆண்டில்தான் காக்கிச் சட்டை என்ற வெற்றிப் படத்தைத் தந்திருந்தனர். போதாததற்கு, படம் உருவான காலத்திலேயே கதை குமுதம் இதழில் தொடராக வந்தது. வாரம்தோறும் படித்தவர்கள் மனத்திற்குள் ஒரு படத்தை ஓட்டிப் பார்த்துவிட்டே திரையரங்குக்கு வந்தனர். அந்தப் படத்தோடு போட்டியிடுவது எந்த இயக்குநருக்கும் எளிதன்று. எதிர்பார்த்த அளவுக்குப் படம் ஓடவில்லை.

குறை சொன்னவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தைச் சுட்டினர். ஏவுகணைக் கடத்தல், மனைவியின் கொலை, கறுப்புக் கண்ணாடியும் அலட்சியப் பேச்சுமாகச் சத்யராஜின் சுகிர்தராஜா என முற்பகுதி விறுவிறுப்பாகச் செல்கிறது. பிறகு கதை சலாமியா என்ற கற்பனை நாட்டுக்குப் போகிறது. ராஜஸ்தானில் எடுக்கப்பட்ட அக்காட்சிகளில் அரசர், இளவரசி, புதிதாகக் கட்டிய ஒரு மொழி, அதற்கு மொழிபெயர்ப்பாளராக ஜனகராஜ் என எல்லாம் வேடிக்கையாகிவிடுகின்றன. நாட்டுக்கே ஆபத்து என்ற பதற்றம் அங்கே காணாமல் போகிறது. மனைவியை இழந்த நாயகன் அடுத்தடுத்துக் காதல் பாட்டுப் பாடுவதும் கதையின் கனத்தைக் குறைத்தது. இந்தக் குறை நியாயமானதே. ஆயினும் ஜனகராஜின் நகைச்சுவைக்காகவே சலாமியாவை விரும்புகிறவர்களும் உண்டு. அவர்களுக்குப் படம் அங்குதான் தொடங்குகிறது!

இசையைப் பற்றி இரு கருத்து எழவில்லை. மின்னணு ஒலிகளால் அமைந்த "விக்ரம்" தலைப்புப் பாடலும் "வனிதாமணி", "மீண்டும் மீண்டும் வா" ஆகிய பாடல்களும் படத்தைவிட நெடுநாள் ஓடின. எனவே படத்தைப் பார்க்காத தலைமுறைக்கும் அதன் பெயர் தெரிந்திருந்தது.

2022 ஜூன் 3 அன்று லோகேஷ் கனகராஜ் இயக்கத்தில் அதே நிறுவனம் விக்ரம் என்ற தலைப்பிலேயே இன்னொரு படத்தை வெளியிட்டு, அந்த உளவாளியை முதியவராகத் திரும்பக் கொண்டுவந்தது. இப்படம் பெருவெற்றி பெற்றதும் பலர் பழைய படத்தைத் தேடிப் பார்த்தனர். சலாமியாவில் ஏவுகணை கிடந்ததை நம்ப மறுத்தவர்கள்கூட, 1986-இல் கணினியை வைத்துத் தமிழில் கதை சொன்ன துணிவைக் குறைத்து மதிப்பிடவில்லை.