மின்னஞ்சலின் தலைவரிகள்

அரியாலையிலுள்ள தாயொருத்தி அயல்நாட்டு மகனுக்கு மின்னஞ்சல் விடுக்கின்றாள் எனக் கொள்வோம். அதன் தலைவரி ஒவ்வொன்றும் பெயர், முக்காற்புள்ளி, செய்தி என அமையும். வெற்றிடத்தோடு தொடங்கும் வரி முந்தியதன் தொடர்ச்சியாம்.

1982இல் வகுத்த இவ்விதி ஆங்கில எழுத்து, எண் முதலியவற்றையே அறிந்தது. ஆதலின், 1996இல் எழுந்த விதிப்படி தமிழெழுத்துகள் குறிகளாய் மாறிச் செல்லும். ‘அரியாலை’ என்னும் நான்கெழுத்து, வழக்கிலுள்ள ஒரு முறையில் 40 குறிகளாக விரியும்.

1958இல் மக்கார்த்தி தோற்றுவித்த லிஸ்ப் மொழி பட்டியல்களைக் கையாள வல்லது. அம்மொழியில் எழுதும் நிரல், மடிந்த வரிகளை முதலில் இணைத்து, முதல் முக்காற்புள்ளியிற் பிரித்துப் பட்டியலாக்கி, முகவரிகளை வேறாக்கிய பின்னரே குறிகளைத் தமிழெழுத்தாக மீட்டல் வேண்டும். முறை பிறழின், ‘அம்மா, அரியாலை’ என்ற பெயரிலுள்ள காற்புள்ளி ஒருவரை இருவராக்கிவிடும்; மகனின் மறுமொழி தாயைச் சேராமற் போகவுங்கூடும்.