சின்னக் காருக்குப் பெரிய எஞ்சின்

தொப்பம்பட்டிப் பக்கத்துத் தோட்டங்களில் எஞ்சின் மாற்றுவது புது வித்தை இல்லை. கிணற்றில் கமலை இழுத்த மாடுகளுக்குப் பிறகு பம்போடு ஆயில் எஞ்சின் வந்தது. கரன்ட் கம்பம் வந்ததும் ஆயில் எஞ்சினைக் கழற்றிவிட்டு, அதே பம்பில் மோட்டாரைப் பூட்டினார்கள். விவரம் தெரிந்த ஃபிட்டர் அப்போது மூன்றைப் பார்ப்பார்: பம்ப் எத்தனை சுற்றுக்குச் செய்தது, கப்ளிங் இரண்டும் ஒரே நேரில் நிற்கின்றனவா, அடியில் இருக்கும் மேடை குலுங்காமல் தாங்குமா. நிமிடத்துக்கு 1500 சுற்றுக்கான பம்பில் 2880 சுற்று மோட்டாரை மாட்டிவிட்டால், பம்ப் கேட்கும் சக்தி ஏறத்தாழ ஏழு மடங்காகிவிடும். கொஞ்ச நேரத்தில் காயில் கருகும் வாடை வரும். கப்ளிங் ஒரு நூல் விலகி நின்றாலும் பேரிங் கத்த ஆரம்பித்துவிடும்.

காரில் எஞ்சின் மாற்றும்போதும் இதே மூன்று கேள்விகள்தாம். ஆனால் கார் என்று வந்துவிட்டால் நம் பையன்கள் முதலில் கேட்பது வேறு. "அண்ணா, பழைய மாருதி ஜென் ஒண்ணு நிக்குதுங்க. எஸ்டீம் எஞ்சின் போட்டா பிச்சுக்கிட்டுப் போகும்ங்கிறாங்க. எஞ்சின் எவ்வளவுங்க வரும்?" எஞ்சின் விலை தெரிந்தால் மொத்தச் செலவும் தெரிந்துவிடும் என்று நினைக்கிறார்கள். இந்த வேலையில் பணம் கரைவது எஞ்சினுக்கும் காருக்கும் நடுவே இருக்கும் நான்கு விரல் இடைவெளியில். அந்த இடைவெளியை எவ்வளவு குறைக்கிறோமோ அவ்வளவு காசு மிஞ்சும். இதை நம் மண்ணில் அழகாகச் செய்து காட்டியவர் கோவை எஸ். கரிவரதன்.

1980-களில் இந்தியாவில் பந்தயக் கார் ஓட்ட ஆசைப்பட்டவர்கள் படாத பாடு பட்டார்கள். சென்னைக்கு வெளியே, இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுபாதையாக இருந்த சோழவரத்தில் பந்தயங்கள் நடந்தன. வெளிநாட்டுப் பந்தயக் கார்களை இறக்குமதி செய்ய வசதி படைத்தவர்கள் மிகச் சிலர். மற்றவர்கள் அம்பாசடரையும் ஃபியட்டையும் ஹெரால்டையும் கழற்றி மாட்டி ஓட்டினார்கள். நூற்பாலை இயந்திரங்கள் செய்யும் தொழில் குடும்பத்திலிருந்து வந்த கரிவரதன் அந்தக் காலத்தின் முன்னணிப் பந்தய ஓட்டுநர், கார் கட்டுபவர். சாதாரண வீட்டுப் பையனும் தொட்டுப் பார்க்கக்கூடிய ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை இங்கேயே கட்ட வேண்டும் என்று அவர் முடிவு செய்தபோது, எஞ்சினுக்காக அவர் கடல் கடந்து போகவில்லை. 1983 டிசம்பரில் விற்பனைக்கு வந்து, தெருவுக்குத் தெரு ஓடத் தொடங்கியிருந்த மாருதி 800-ஐப் பார்த்தார்.

அந்த எஞ்சின் மூன்று சிலிண்டர், 796 சிசி, சுமார் 40 குதிரைத்திறன். கேட்கும்போது ஒன்றுமில்லாதது போலத் தோன்றும். ஆனால் எடை குறைவு, உதிரிபாகம் மலிவு, எந்த ஊர் மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பார். இரும்புக் குழாய்ச் சட்டம், ஃபைபர் உடல், ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் மாருதியின் எஞ்சின், கூடவே மாருதியின் கியர்பாக்ஸ். 1988 வாக்கில் வந்த இந்தக் கார்தான் ஃபார்முலா மாருதி. பின்னாளில் 2005-இல் இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் ஓட்டுநரான நரேன் கார்த்திகேயன் பந்தய வாழ்க்கையைத் தொடங்கியது இந்த வகைக் காரில்தான். நடிகர் அஜித் 2002-இல் ஓட்டியதும் ஃபார்முலா மாருதிதான். கரிவரதன் அதையெல்லாம் பார்க்க இருக்கவில்லை. 1995-இல் கோவைக்கு அருகே சிறு விமான விபத்தில் இறந்துபோனார். செட்டிப்பாளையத்தில் இருக்கும் பந்தயத் தடம் அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது.

அவர் செய்ததில் நாம் படிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. எஞ்சினை மட்டும் எடுக்காமல் கியர்பாக்ஸையும் சேர்த்து எடுத்தார். மாருதி 800 போன்ற முன்சக்கர இழுவைக் காரில் எஞ்சின், கிளட்ச், கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல் நான்கும் ஒரே பொட்டலம். அதைப் பிரிக்காமல் அப்படியே தூக்கி வேறு சட்டத்தில் வைத்தால், நடுவே புதிதாகக் கடைந்து சேர்க்க வேண்டியது மிகக் குறைவு. இத்தாலியின் ஃபியட் நிறுவனமும் 1972-இல் இதைத்தான் செய்தது. ஃபியட் 128 என்ற குடும்பக் காரின் முன்பொட்டலத்தை எடுத்து இருக்கைக்குப் பின்னால் வைத்து, எக்ஸ் 1/9 என்ற இரண்டு பேர் உட்காரும் சின்ன ஸ்போர்ட்ஸ் காராக விற்றது. இதில் ஒரு நுட்பம் உண்டு. பொட்டலத்தைப் பின்னால் நகர்த்தலாம், திருப்பிப் போடக்கூடாது. முன்பக்கத்தைப் பின்பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டால் சக்கரம் எதிர்த்திசையில் சுழலும்; காருக்கு நான்கு ரிவர்ஸ் கியரும் ஒரு முன் கியரும் கிடைக்கும்!

பொருந்தாத எஞ்சினுக்கும் தமிழ்நாட்டிலேயே பாடம் இருக்கிறது. சென்னையில் முன்பு ஹெரால்டைச் செய்த ஸ்டாண்டர்டு நிறுவனம் 1985-இல் ஸ்டாண்டர்டு 2000 என்ற சொகுசுக் காரை இறக்கியது. உடல் இங்கிலாந்தின் ரோவர் எஸ்.டி. 1. அங்கே அந்த உடலுக்குள் எட்டு சிலிண்டர், 3.5 லிட்டர் எஞ்சின் வரை இருந்தது. இங்கே உள்ளே வைத்ததோ, பழைய வேன்கார்ட் கார் காலத்து நான்கு சிலிண்டர், 2 லிட்டர் எஞ்சின். பார்க்க ராஜா மாதிரி நிற்கும் கார், கிளப்பினால் மூச்சு வாங்கியது, பெட்ரோலும் குடித்தது. 1988-இல் உற்பத்தி நின்றது. உடல் கேட்பதும் எஞ்சின் கொடுப்பதும் ஒத்துப்போகாவிட்டால் பெரிய தொழிற்சாலையாலும் காப்பாற்ற முடியாது. நம் பட்டறையில் பெரும்பாலும் இதன் தலைகீழ்த் தவறு நடக்கிறது. சின்ன உடலுக்குள் தாங்க முடியாத எஞ்சினைத் திணிக்கிறோம்.

இப்போது ஜென்னுக்கு வருவோம். ஜென்னின் எஞ்சினும், அதே மாருதியின் பெரிய காரான எஸ்டீமின் எஞ்சினும் சுசுகியின் ஒரே ஜி குடும்பத்தில் பிறந்த அண்ணன் தம்பிகள். ஜென்னில் 993 சிசி, எஸ்டீமில் 1298 சிசி. கார்புரேட்டருக்குப் பதிலாகச் சிலிண்டருக்குச் சிலிண்டர் பெட்ரோலைத் தெளிக்கும் எம்.பி.எஃப்.ஐ. வந்த பிறகு ஜென் 60 குதிரைத்திறன், எஸ்டீம் 85. ஜென்னின் எடை சுமார் 750 கிலோதான் என்பதால், டன்னுக்கு 80 குதிரைத்திறன் என்ற கணக்கு 110-ஐத் தாண்டிவிடும். ஒரே குடும்பம் என்பதால் மவுண்டிங், கிளட்ச், கியர்பாக்ஸ் எல்லாம் அந்நியமாக இருக்காது. அதனால்தான் ஆர்வலர்கள் பல வருடமாக இந்த ஜோடியைத் தேடிப் போகிறார்கள். செலவைக் குறைக்க நினைப்பவர் முதலில் பார்க்க வேண்டியது குதிரைத்திறனை இல்லை, குடும்பத்தை.

வேறு கம்பெனி எஞ்சினை எடுத்தால் என்ன ஆகும்? எஞ்சினின் பின்முகத்தில் இருக்கும் போல்ட் துளைகள் கியர்பாக்ஸின் துளைகளோடு சேராது. நடுவே ஒரு தட்டு கடைய வேண்டும். அந்தத் தட்டுதான் எல்லாக் கஷ்டத்துக்கும் தாய். கிராங்க் ஷாஃப்டின் மையமும் கியர்பாக்ஸ் உள்தண்டின் மையமும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குள் நேராக நிற்க வேண்டும். கிணற்று மேட்டில் கப்ளிங் பார்த்த அதே கண்தான் இங்கும் தேவை. அளவு மட்டும் இன்னும் பொடிசு. தவறினால் கிளட்ச் பிளேட்டின் பல் தேயும், கியர்பாக்ஸ் பேரிங் போகும். தட்டு சரியாக வந்தாலும் ஃப்ளைவீல் பல்லோடு ஸ்டார்ட்டர் மோட்டார் சேர வேண்டும், டிரைவ் ஷாஃப்டின் நீளம் ஒத்துவர வேண்டும். நல்ல லேத்காரர் இதையெல்லாம் செய்துவிடுவார். ஆனால் ஒவ்வொன்றுக்கும் நாலு தடவை ஏற்றி இறக்கிப் பார்க்க வேண்டியிருக்கும், ஒவ்வொரு தடவையும் கூலி ஏறும்.

பட்டறையில் ஒருமுறை அருகில் நின்று பாருங்கள். செயின் பிளாக்கில் எஞ்சின் தொங்குகிறது. ஒருவர் சங்கிலியை ஒவ்வொரு கண்ணியாக விடுகிறார். இன்னொருவர் காருக்கு அடியில் படுத்துக்கொண்டு டார்ச் அடிக்கிறார். "நில்லு, நில்லு... சம்ப் இடிக்குது" என்று குரல் வருகிறது. எண்ணெய்த் தொட்டியின் பள்ளம் ஸ்டீயரிங் ராக் மேல் உட்காருகிறது. இரண்டு விரல் முன்னால் தள்ளினால் ரேடியேட்டர் விசிறி இடிக்கும். மேலே தூக்கினால் பானெட் மூடாது. அனுபவசாலிகள் இதற்காகவே முழு எஞ்சினைத் தொங்கவிட்டுப் போராடுவதில்லை. உள்ளே ஒன்றுமில்லாத காலி பிளாக்கையும் சம்ப்பையும் பழைய இரும்புக் கடையில் வாங்கி வைத்து அளவு பார்க்கிறார்கள். ஒரே ஆள் தூக்கலாம். அட்டையை வெட்டி வைத்து மவுண்டிங் வடிவம் எடுக்கலாம். வெல்டிங் தீப்பொறி விழுந்தாலும் பயமில்லை.

வயரிங் விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். கார்புரேட்டர் எஞ்சினுக்கு நான்கைந்து வயர் போதும். எம்.பி.எஃப்.ஐ. எஞ்சினுக்குக் கிராங்க் சென்சார், த்ராட்டில் சென்சார், ஆக்சிஜன் சென்சார், அவற்றையெல்லாம் கேட்டு முடிவெடுக்கும் கம்ப்யூட்டர் பெட்டி, டேங்கில் கிட்டத்தட்ட 3 பார் அழுத்தம் கொடுக்கும் எலக்ட்ரிக் பம்ப் எல்லாம் வேண்டும். இதை வெட்டி ஒட்டிச் சரிசெய்யப் பார்ப்பவர்கள் மாதக்கணக்கில் அலைகிறார்கள். எஞ்சின் எந்தக் காரிலிருந்து வந்ததோ, அந்தக் காரின் வயரிங் கட்டு முழுசாக, பெட்டியோடு, ஒவ்வொரு முனைக்கும் டேப் ஒட்டிப் பேர் எழுதி வர வேண்டும். இல்லாவிட்டால் அந்த எஞ்சினை வாங்காதீர்கள்.

ஆகவே குறைந்த செலவு என்றால் என் கணக்கு இதுதான். சென்னை புதுப்பேட்டையிலோ வேறு எங்கோ எஞ்சினைத் தனியாகப் பேரம் பேசுவதைவிட, பின்பக்கம் அடிபட்டு நிற்கும் முழு எஸ்டீம் ஒன்றைத் தேடுங்கள். எஞ்சின், கியர்பாக்ஸ், ஷாஃப்ட், ரேடியேட்டர், வயரிங், ஆக்சிலரேட்டர் கேபிள், அந்தச் சின்னச் சின்ன கிளிப்புகள் வரை எல்லாம் அதில் இருக்கும். வண்டி நின்ற இடத்திலேயே கிளப்பிக் காதால் கேட்கலாம். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிக் கம்ப்ரஷன் பாருங்கள். சிலிண்டர்களுக்குள் பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் கூடாது. ஆயில் மூடியின் உள்ளே மோர் மாதிரி வெள்ளைக் கசடு இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது என்று பொருள். வேண்டியதை எடுத்த பிறகு மீதி உடலை எடைக்குப் போட்டால் கொஞ்சம் காசும் திரும்பும். கையில் இருக்கும் மொத்தப் பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எஞ்சினுக்குக் கொடுக்க வேண்டாம்.

மீதிப் பணம் முதலில் போக வேண்டிய இடம் பிரேக். 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் கார் 120-ஐத் தொட்டால் வேகம் ஒன்றரை மடங்குதான். நிறுத்தும்போது பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் இரண்டேகால் மடங்கு. அடுத்தது ரேடியேட்டர். பெட்ரோல் எரிந்து வரும் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் வழியாகத்தான் வெளியேறுகிறது. நம் பக்கத்துச் சித்திரை வெயிலில் பழைய ரேடியேட்டரை நம்பிப் பெரிய எஞ்சினை ஓட்டினால் ஹெட் கேஸ்கட் போவது உறுதி.

இவ்வளவும் சொன்ன பிறகு சட்டத்தைச் சொல்லாமல் விட்டால் அது துரோகம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவுப்படி, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறும் விதத்தில் வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தப்படி, அனுமதியில்லாத மாற்றத்துக்கு உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம். 993 சிசி என்று பதிவான ஜென்னில் 1298 சிசி எஞ்சினோடு சாலையில் போய், யார் மீதாவது மோதிவிட்டால் இன்சூரன்ஸ் கைவிரிக்கலாம். அடிபட்டவர் குடும்பத்துக்கு நீங்கள் வாழ்நாள் முழுக்கப் பதில் சொல்ல வேண்டி வரலாம்.

பந்தயத் தடத்துக்கு மட்டும் என்றால் கதை வேறு. சாலையில் ஓட்டாமல் லாரியில் ஏற்றிக்கொண்டு போய் செட்டிப்பாளையத்திலோ இருங்காட்டுக்கோட்டையிலோ, போட்டி விதிகளுக்கு உட்பட்டு ஓட்டலாம். கரிவரதனின் கார்களும் தடத்துக்காகக் கட்டியவைதான். சாலையில் ஓட்டத்தான் கார் வேண்டும் என்றால், அதே வகை நல்ல எஞ்சினை முன் அனுமதியோடு மாற்றி, புது எஞ்சின் எண்ணைப் பதிவில் ஏற்றிக்கொள்வது ஒன்றே ஒழுங்கான வழி. நன்றாகச் சீரமைத்த 993 சிசி ஜென் பழனி சாலையில் ஓட்ட எவ்வளவு சுகம் என்பது ஓட்டியவர்களுக்குத் தெரியும்.

அதனால் தம்பி, எஞ்சினுக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஆர்.சி. புத்தகத்தை எடுத்துக்கொண்டு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு ஒருநடை போய்வா. தடமா, சாலையா என்பதை அன்றைக்கே முடிவு செய்துகொள். செயின் பிளாக்கை அதற்குப் பிறகு மாட்டலாம்.