மலைக்குடிகளின் பல்லும் வைத்தியச் சாந்தும்

ஜவ்வாது மலையிலுள்ள ஒரு குடியானவனுக்குப் பல்வலி கண்டால் அவன் செய்வது யாது? கிராம்பைக் கடித்துக்கொண்டு சாமை அறுப்பு முடியும்வரை பொறுத்திருப்பான். பொறுக்கமாட்டாதபோது ஜமுனாமரத்தூருக்கோ, மலையிறங்கிப் போளூருக்கோ திருப்பத்தூருக்கோ போவான். அதற்குள் சொத்தை பல்லின் உள்ளே புகுந்துவிடும். வேர்வரை சுத்தி செய்து அடைப்பதானால் இரண்டு மூன்று முறை வரவேண்டும். முறைக்கு ஒரு நாட்கூலி நஷ்டம். ஆகவே "பிடுங்கிவிடுங்கள், ஐயா" என்கிறான். இதை அறியாமை என்று பேசும் பட்டணத்துக் கனவான்கள் அவனுடைய கணக்கைப் போட்டுப் பார்த்தவரல்லர்.

பல் வெறுங்கல் அன்று. அதன் நடுவே உயிருள்ள கூழ் இருக்கிறது. அமெரிக்க தேசீய சுகாதார ஆராய்ச்சிச் சாலையில் கிரான்தாஸ், ஷி முதலிய நிபுணர்கள் 2000-ஆம் வருஷத்தில் ஞானப்பல்லின் கூழிலிருந்து குருத்தணுக்களைப் பிரித்தெடுத்து, சுண்டெலிகளின் உடலில் வைத்து, அவை பல்லின் உட்சுவர் போன்ற திசுவை உண்டாக்குவதைக் காட்டினர். சொத்தை நெருங்கினால் கூழ் தானே சுவரெழுப்பித் தன்னைக் காத்துக்கொள்ளக்கூடும் என்பது இதன் தாத்பரியம்.

இச்சக்தியை வளர்ப்பதும் கெடுப்பதும் நாம் வைக்கும் சாந்தேயாம். பல்லின் நிறத்தில் அழகாயிருக்கும் பிசின் சாந்து முழுதும் இறுகாதபோது, அதிலிருந்து கசியும் ஹெமா, டெக்டிஎம்ஏ என்னும் இரசாயனங்கள் அவ்வணுக்களை நலிவிக்கின்றன என்று ஆய்வுக்கூடச் சோதனைகள் கூறுகின்றன. கண்ணாடிப் பாத்திரத்தில் கண்டது வாயில் அப்படியே நிகழுமென்பதில்லை. ஆயினும் கூழின்மேல் நேரே வைக்கத் தகாதது என்பதற்கு அது போதும். இதற்கு மாறாக, 1920-இல் ஜெர்மனியில் ஹெர்மன் கையாண்ட கால்சியம் ஹைட்ராக்ஸைடும், 1993-இல் கலிபோர்னியாவில் டொராபிநெஜாத் வெளியிட்ட எம்.டி.ஏ. என்னும் சாந்தும் கூழைச் சுவரெழுப்பத் தூண்டுவன. முன்னது நாளடைவில் கரைந்துபோகும். பின்னது நிற்கும், ஆனால் இறுகச் சில மணிநேரம் ஆகும். பிரான்ஸ் தேசத்து பயோடென்டினோ ஏறக்குறைய 12 நிமிஷத்தில் இறுகுகிறது. மலையிறங்கி வந்தவனுக்கு இந்த வித்தியாசம் அற்பமன்று.

எம்.டி.ஏ.யின் மூலப்பொருள் என்ன தெரியுமா? நாம் வீடு கட்டும் போர்ட்லண்ட் சிமெண்டின் இனந்தான்! அரியலூரில் மூட்டை மூட்டையாய்க் கிடைப்பது, சுத்தி செய்யப்பெற்றபின் கிராம் கணக்கில் விலை பேசப்படுகிறது. ஆர்ஸனிக் முதலியன நீக்கப்படாத கட்டடச் சிமெண்டை வாயில் வைப்பது ஆபத்து. சுத்திக்கு விலை உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறோம். நம் தேசத்திலும் சிலர் இதைச் செய்கின்றனர். சர்க்கார் மொத்தமாக வாங்கினால் விலை இறங்காதா?

மின்சாரமும் துளைக்கருவியுமின்றிக் கைக்கருவியால் சொத்தையைச் சுரண்டி, 1972-இல் வில்ஸனும் கென்ட்டும் வெளியிட்ட கண்ணாடி ஐயனோமர் சாந்தால் அடைக்கும் முறை 1980-களில் டான்ஸானியாவில் தொடங்கிற்று. கூழை நேரே தொடாதவரை இச்சாந்து சாதுவானது. கூழ் தெரியுமிடத்தில் கால்சியம் சாந்து ஒரு சிட்டிகை, மேலே ஐயனோமர்: கூழ் உயிரோடிருக்கும் பல் பலவற்றிற்கு ஒரே நடையில் வேலை முடியும். சீழ் பிடித்த பல்லுக்கு இது உதவாது. ஆகையால் வலி முற்றுமுன் வைத்தியர் மலையேற வேண்டும்.

மலைக்குப் போகும் வைத்தியர் பெட்டியில் கொறட்டுடன் இவ்விரண்டு சாந்துகளும் இருக்கின்றனவா என்பதை ஜில்லா சுகாதார அதிகாரிகள் சொல்லவேண்டும். இல்லையெனில் எந்தத் தேதிக்குள் இருக்கும் என்பதையும் சொல்லவேண்டும்.