சூரியச் சுவாலையும் காமாக் கதிரும்

"சேர், சூரியனுக்குள்ள என்ன நடக்குதெண்டு எப்பிடித் தெரியும்? தொட்டுப் பாக்க ஏலாதே!" வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள். தமிழ் படிப்பிக்கிற நான் தேடிப் படித்த விடை இது.

சூரியப் புள்ளிகளுக்கு மேலே காந்தப்புலக் கோடுகள் முறுகி, அறுந்து, மறுபடி இணையும்போது பெரும் சக்தி சில நிமிடங்களில் வெடித்து வெளியாகிறது. இதுதான் சூரியச் சுவாலை. அப்போது இலத்திரன்களும் புரோத்தன்களும் ஒளியின் வேகத்தை நெருங்கிப் பாய்கின்றன. இலத்திரன்களை அவை தரும் எக்ஸ் கதிர் காட்டிக்கொடுத்துவிடும். புரோத்தன்களோ ஏற்றமுள்ளவை, காந்தப்புலத்தில் வளைந்து வருவதால் புறப்பட்ட இடத்தைச் சொல்லமாட்டா. அவற்றைக் காட்டித் தருவது காமாக் கதிர். அதற்கு ஏற்றமில்லை, எட்டு நிமிடத்தில் நேராக வந்துசேரும். நமது வளிமண்டலம் அதைத் தடுப்பதால் செய்மதியில்தான் பார்க்கவேண்டும்.

1972 ஆகஸ்ட் 4 இல் ஓ.எஸ்.ஓ.-7 செய்மதி முதன்முறையாக இதைப் பதிந்தது. பாய்ந்த புரோத்தன் காபன் கருவில் மோதினால் 4.44, ஒட்சிசன் கருவில் மோதினால் 6.13 மில்லியன் இலத்திரன் வோல்ற்றுக் கதிர் பிறக்கும். ஒவ்வொன்றும் ஒரு கையெழுத்து. மோதலில் தெறிக்கும் நியூத்திரன் கீழிறங்கி, வேகம் தணிந்து, ஐதரசனோடு சேரும்போது 2.223 வரும், அது சற்றுப் பிந்தியே வரும். கிணற்றில் கல்லைப் போட்டு, சத்தம் வர எடுக்கும் நேரத்தை வைத்து ஆழத்தைக் கணிப்போமே, அதுபோல அந்தத் தாமதம் சூரியனின் மேற்பரப்பு அடர்த்தியைச் சொல்கிறது.

2002 ஜூலை 23 சுவாலையை ரெசி செய்மதி படமெடுத்தபோது, காமாக் கதிர் வந்த இடமும் எக்ஸ் கதிர் வந்த இடமும் ஏறக்குறைய 15,000 கிலோமீற்றர் விலகியிருந்தன. இலத்திரனும் புரோத்தனும் ஒரே வழியில் போகவில்லை என்பது அன்று தெரிந்தது.

இது நமக்கெதற்கு? பெரும் சுவாலையின்போது பகற்பக்கத்தில் சிற்றலை வானொலி ஊமையாகும். ஆழ்கடலுக்குப் போன நம்மவர்க்கு அது கரையின் குரல். பாயும் புரோத்தன்கள் செய்மதிகளையும் பழுதாக்கும். முன்கூட்டிச் சொல்ல, முதலில் விளங்கவேண்டும்.

அந்த வேலைக்காக இந்தியா 2023 செப்டம்பர் 2 இல் ஏவிய ஆதித்யா-எல்1, 2024 ஜனவரி 6 முதல் 15 இலட்சம் கிலோமீற்றருக்கு அப்பால் நின்று, சுவாலைகளின் எக்ஸ் கதிரை அளக்கிறது. அதை ஏவியபோது திட்டப் பணிப்பாளராக இருந்த நிகார் ஷாஜி, தமிழ்நாட்டுச் செங்கோட்டையில் பிறந்த முஸ்லிம் பெண்.

கேள்வி கேட்ட பிள்ளையிடம் இதைச் சொன்னேன். "அப்ப எங்களுக்கும் ஏலும்தானே சேர்?" என்றாள். ஏலும் மகள்.